அருங்காட்சியகக் காபிக்கடைக்கு நெல்லை முகம்: பெயர், எழுத்து, நிறம், குவளை

திருநெல்வேலியில் ஓர் அருங்காட்சியக வளாகத்துக்குள் காபிக்கடை நடத்த இடம் எடுத்திருக்கிறீர்கள். டிசைனர் கோபுரம், குத்துவிளக்கு, ஆவி பறக்கும் டம்ளர் மூன்றையும் வட்டத்துக்குள் அடக்கி ஒரு லோகோ கொடுத்திருக்கிறார். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் எந்த ஊர் ஓட்டலுக்கும் ஒட்டிவிடலாம் போலிருக்கிறது, நம்ம ஊர்ப் பண்பாடு தெரிய என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். கோபுரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்பது மேலோட்டமான கேள்விதான். உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டுக் கால் வலிக்க வெளியே வருகிற ஒருவருக்கு, இந்தக் கடையும் தான் இப்போது பார்த்த பொருள்களின் மண்ணைச் சேர்ந்தது என்று யாரும் சொல்லாமலே எப்படி விளங்கும் என்பதே நீங்கள் கேட்க வந்தது. என் பதில்: பழம்பொருளின் படத்தை எடுக்காதீர்கள், அது செய்யப்பட்ட விதத்தை எடுங்கள். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகமா, ரெட்டியார்பட்டிப் பக்கம் உள்ள பொருநை அருங்காட்சியகமா என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரியே எழுதுகிறேன்.

கோபுரத்தை ஏன் விட வேண்டும் என்பதை முதலில் முடித்துவிடலாம். தமிழ்நாடு அரசின் இலச்சினையிலேயே கோபுரம் இருக்கிறது. அரசு வளாகத்துக்குள் வட்டத்துக்குள் கோபுரம் வரைந்து பலகை மாட்டினால் அது அரசு நடத்தும் கேன்டீன் என்றே ஜனங்கள் நினைப்பார்கள். போதாதற்கு, அரசுச் சின்னங்களையும் பெயர்களையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதன் ஓரத்தில் போய் நிற்பானேன். அல்வாவும் அப்படித்தான். அது ஊரின் பெருமை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அடையாளம் ஏற்கெனவே அல்வாக் கடைகளுக்குச் சொந்தமாகிவிட்டது. காபிக்கடை அதை இரவல் வாங்கினால் இன்னொரு அல்வாக் கடையாகத்தான் தெரியும்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது ஆதிச்சநல்லூர்த் தாழி. இதில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய அந்தப் பரம்பு (மேட்டு நிலம்) ஓர் ஈமக்காடு. முதுமக்கள் தாழி என்பது இறந்தவர்களை வைத்துப் புதைத்த கலம், எலும்போடு கிடைத்த கலம். அதை லோகோவாக்கி, தாழி வடிவக் குவளையில் காபி ஊற்றிக் கொடுத்தால் வெளியூர்க்காரர் ரசித்துப் படம் எடுப்பார். ஆதிச்சநல்லூர், கருங்குளம் பக்கத்திலிருந்து பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் ஆச்சி அதைக் கையில் வாங்க மாட்டாள். அவள் வாங்காத குவளை இந்த ஊர்க் குவளை ஆகாது. அங்கே கிடைத்த வெண்கல மூடிகளின் மேல் இருக்கும் எருமை, சேவல் போன்ற உருவங்கள் அழகானவை. அவையும் ஈமப் பொருள்களே என்றாலும், தாழியைப் போலப் பிணத்தைச் சுமந்தவை அல்ல. ஒரு நோட்டுப்புத்தக அட்டைக்கோ குழந்தைகளுக்கான ஸ்டிக்கருக்கோ அவற்றைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. கடையின் முகமாக வைக்க மாட்டேன்.

தாழியை விட்டுவிட்டு, அங்கே கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானை ஒன்றின் முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். உட்புறம் முழுக்கக் கறுப்பு. வெளியே வாய் விளிம்பும் அதற்குக் கீழே கொஞ்ச தூரமும் கறுப்பு. அதற்கும் கீழே செங்கல் சிவப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோடு கிழித்தது போல இருக்காது, புகை படிந்தது போல லேசாக ஏறி இறங்கும். இந்த நிறப் பிரிப்பை அப்படியே ஒரு பீங்கான் குவளைக்குக் கொண்டு வரலாம். 90 மி.மீ. உயரக் குவளையில் மேலிருந்து ஏறக்குறைய 30 மி.மீ. கறுப்பு, கீழே 60 மி.மீ. சிவப்பு, உட்புறம் கறுப்பு. கறுப்பு மெருகில் (கிளேஸ்) குவளையைத் தலைகீழாக முக்கி எடுத்தால் எல்லைக்கோடு தானாகவே சற்று அலையும், அதைத் திருத்தச் சொல்லாதீர்கள். மெருகு காரீயம் கலக்காதது, உணவுக்கு ஏற்றது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் ஒரு குறையும் உண்டு. நம்மவர்கள் காபியின் தரத்தை நிறம் பார்த்துச் சொல்பவர்கள், கறுப்பு உட்புறத்தில் அந்த நிறம் சரியாகத் தெரியாது. நுரை தெரியும், அவ்வளவுதான். இதை ஏற்க முடியாது என்றால் உட்புறத்தை வெள்ளையாக விட்டு விளிம்பை மட்டும் கறுப்பாக்குங்கள். பானைக்கு உண்மையாக இருப்பதைவிடக் குடிப்பவருக்கு உண்மையாக இருப்பது இங்கே முக்கியம்.

இந்தப் பானைகளை எப்படிச் சுட்டார்கள் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பகுதி கறுத்தது என்பது. ஒரே சூட்டிலா, இரண்டு முறை சுட்டா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆகவே மேசை அட்டையில் “இப்படித்தான் செய்தார்கள்” என்று அடித்து எழுத வேண்டாம். நிறப் பிரிப்பு உறுதியானது, அதை மட்டும் சொன்னால் போதும்.

எழுத்துக்கு நான் போகச் சொல்வது பாய் நெசவுக்குப் பெயர்போன பத்தமடை. அந்தப் பாயின் பாவு (நீளவாட்டு இழை) பருத்தி நூல், ஊடு (குறுக்கு இழை) கோரை. புவிசார் குறியீடு பெற்ற அந்த நுண்பாயில் திருமணத்துக்கென்று நெய்யும் போது மணமக்கள் பெயரையும் தேதியையும் சேர்த்தே நெய்வார்கள். அந்த எழுத்தைக் கிட்டத்தில் பார்த்தால் வளைவே இருக்காது. சாயமிட்ட கோரை ஒவ்வோர் ஊடாக ஏறி, படிப்படியாக ஒதுங்கி ஒரு ‘ம’வையோ ‘ர’வையோ உண்டாக்கியிருக்கும். இந்தப் படிக்கட்டு எழுத்து இந்த மாவட்டத்தில் இன்றும் கையால் செய்யப்படுவது. உங்கள் கடைப் பெயரை இந்த முறையில் வரையுங்கள். ஏதாவது ஒரு ஃபான்ட்டை எடுத்து அதன் மேல் பிக்சல் ஃபில்டர் போடுவது ஆகாது. அப்படிச் செய்தால் ‘ண’வின் சுழியும் ‘ழ’வின் வாலும் அடைத்துக் குழம்பும். கட்டத்தாளில் கையால் வரையுங்கள்: எழுத்தின் உடலுக்கு 7 கட்டம், மேலே புள்ளிக்கும் ‘ி’க்கும் 3, கீழே உகரத்துக்கு 2, ஆக 12 கட்டம். கோட்டின் தடிமன் 1 கட்டம், உள் இடைவெளி எங்கேயும் 1 கட்டத்துக்குக் குறையக் கூடாது. இந்தக் கணக்கில் 12 மி.மீ. உயரத்தில் அச்சிட்டால் கோடு 1 மி.மீ. வரும், 6 மி.மீ. உயரத்தில் 0.5 மி.மீ. ரப்பர் ஸ்டாம்புக்கும் ஸ்கிரீன் பிரின்டிங்குக்கும் அதற்குக் கீழே போனால் மை பரவி அடைத்துவிடும். அதைவிடச் சிறிதாகப் பில்லிலும் கைப்பேசியிலும் போட, முதல் எழுத்தை மட்டும் வைத்துத் தனிச் சின்னம் ஒன்று செய்துகொள்ளுங்கள்.

தமிழி (தமிழ்-பிராமி என்னும் பண்டைய) எழுத்தில் பெயர் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது, படிக்க முடியாத பெயர் வெறும் கோலமாக நின்றுபோகும். ஆசை விடவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. சீவலப்பேரிக்கு அருகே மறுகால்தலையில் குகைத்தளத்தின் மேல் தமிழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. வெண்காசிபன் என்பவர் கற்படுக்கை அமைத்துக் கொடுத்ததைச் சொல்லும் ஒற்றை வரி. இருந்து இளைப்பாற ஓர் ஆள் கொடுத்த இடம் பற்றிய செய்தி அது. கடையில் உட்காரப் போடும் கல் பெஞ்சின் முகப்பில் அந்த வரியைச் செதுக்கி, பக்கத்தில் இன்றைய எழுத்தில் விளக்கம் வைத்தால் அர்த்தம் இருக்கும். வடிவத்தைக் கல்வெட்டு அறிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்காமல் செதுக்கக் கூடாது. அருங்காட்சியகத்துக்குள்ளேயே தப்பான எழுத்து நின்றால் அதைவிட மானக்கேடு வேறில்லை.

பெயர் விஷயத்தில் உணர்ச்சியைவிட ஒப்பந்தத்தை முதலில் பாருங்கள். உங்களுக்கு இடம் சில ஆண்டுகளுக்குத்தான் தந்திருப்பார்கள். அருங்காட்சியகத்தின் பெயரையே கடைக்கு வைத்தால் ஒப்பந்தம் முடியும் அன்று பெயரும் போய்விடும், அதற்கு முன்னதாகவே துறையின் அனுமதியும் வேண்டியிருக்கும். ‘நெல்லை’, ‘தாமிரபரணி’ போன்றவை ஊரையும் ஆற்றையும் குறிப்பவை. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இத்தகைய இடப்பெயர்களைத் தனியாருக்குத் தனியுரிமையாகக் கொடுக்கத் தயங்கும். தெய்வப் பெயர், புராணப் பெயருக்கும் இதே சிக்கல். ‘ராமாயண்’ என்ற பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே இந்த ஊரின் வாழ்க்கையிலிருந்து எடுத்த, காபியை நேரடியாகச் சொல்லாத சொல்லாகப் பாருங்கள். உதாரணத்துக்கு, ‘படித்துறை’. தாமிரபரணியின் குறுக்குத்துறையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்து பேசிய தலைமுறைக்கு அது உடனே பிடிபடும், படிப்படியான எழுத்து வடிவத்துக்கும் பொருந்தும். இதையே வையுங்கள் என்று சொல்லவில்லை. எந்தப் பெயரானாலும் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையத் தேடலில் வகுப்பு 43லும் (உணவு, பானம் வழங்கும் சேவை) வகுப்பு 30லும் (காபித்தூள் விற்பதானால்) ஒரே ஒலியுள்ள பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். இணையவழி விண்ணப்பக் கட்டணம் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பெயர் கிடைக்குமா என்பதை உறுதியாகச் சொல்ல வேண்டியவர் வணிகச் சின்ன முகவர்தான். நான் சொல்வது முதல் வடிகட்டல் மட்டுமே.

இனி அச்சகத்தில் நடக்கும் விபத்துகள். டிசைனர் அனுப்பும் கோப்பை அச்சகத்தில் திறந்ததும் ‘பொ’ என்பது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் அமைப்பு) போடாமல் தட்டச்சு செய்தால் இது நடக்கும். இன்னொன்று, அச்சகத்தார் உங்கள் யூனிகோட் எழுத்து வரவில்லை என்று பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் திரும்ப அடிப்பார்கள், அங்கே ஒற்று விட்டுப்போகும், ‘ண’ ‘ன’ ஆகும். இரண்டுக்கும் ஒரே மருந்து: எல்லா எழுத்தையும் அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றிய பிடிஎஃப், எஸ்விஜி கோப்புகளை மட்டும் கொடுப்பது, ஒரு தாளில் அச்சிட்ட மாதிரியையும் கூடவே அனுப்புவது. மெனுவுக்கும் விலைப்பட்டியலுக்கும் கட்ட எழுத்து வேண்டாம், கண் வலிக்கும். முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் மூன்றும் இலவசமாக, வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதியோடு கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். சுவரில் தொங்கும் விலைப்பட்டியலில் 3 மீட்டர் தூரத்துக்கு 25 மி.மீ. எழுத்து என்பது வசதியான அளவு. தமிழுக்கு மேலும் கீழும் குறிகள் இருப்பதால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு விடுவதைவிடத் தாராளமாக விடுங்கள்.

நிறம் மூன்று போதும்: பானைக் கறுப்பு, பானைச் சிவப்பு, காய்ந்த கோரையின் வெளிர்மஞ்சள். தொடக்கத்துக்கு அச்சகத்தின் நான்கு மைகளின் (சி நீலம், எம் இளஞ்சிவப்பு, ஒய் மஞ்சள், கே கறுப்பு) சதவீதக் கணக்கில் சிவப்பு சி25 எம்80 ஒய்85 கே15, கோரை சி8 எம்12 ஒய்38 கே0 என்று வைத்து, மாதிரி அச்செடுத்து, பகல் வெளிச்சத்தில் உண்மையான பானையோடும் பாயோடும் வைத்துப் பார்த்துத் திருத்துங்கள். கைப்பேசிப் படத்திலிருந்து நிறம் எடுக்காதீர்கள், காட்சிக்கூடத்து மஞ்சள் விளக்கில் எல்லாச் சிவப்பும் பொய்யாகத் தெரியும். சின்ன எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றில் மட்டுமே அச்சிடச் சொல்லுங்கள். நான்கு மையையும் கலந்த கறுப்பில் தகடு மயிரிழை விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். பழுப்புக் காகிதப் பையில் வெளிர்மஞ்சள் தெரியவே தெரியாது, அங்கே கறுப்பு மட்டும்.

டிசைனர்கள் காட்டும் படங்களில் லோகோ எப்போதும் காகிதக் கப்பில்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளுக்குத் தடை இருக்கிறது, அந்தப் படம் உங்களுக்கு உதவாது. தாமிரபரணி (தாமிரம் என்றால் செம்பு) என்றதும் செம்புக் குவளை யோசனையும் யாராவது சொல்வார்கள். காபியின் புளிப்பு செம்பைக் கரைக்கும். வெள்ளீயம் பூசாத செம்பு, பித்தளைக் கலங்களை உணவுக்குப் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு விதியும் இடம் தராது. எவர்சில்வர் டபரா செட்டில் அடிப்பக்கம் லேசர் மார்க்கிங்கில் சின்னம் போடுவது மலிவு, அழியாது. பள்ளிப் பேருந்து வரும் நாளில் உடையாது என்பதும் முக்கியம். கறுப்பு-சிவப்புப் பீங்கானை மேசையில் உட்கார்ந்து குடிப்பவர்களுக்கும் விற்பனைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

காருக்குறிச்சி மண்பாண்டக்காரர்களிடம் மண் குவளை செய்வித்தால் அதைக் கழுவித் திரும்பப் பயன்படுத்த நினைக்காதீர்கள். சுட்ட மண்ணுக்கு நுண்துளை உண்டு, பால் உள்ளே ஊறி நாற்றம் எடுக்கும். சுக்குக் காபிக்கு ஒரு முறை பயன்படுத்தி, வாங்கியவரே வீட்டுக்குக் கொண்டு போகட்டும். சின்னத்தை மண் பாதி காய்ந்து தோல் பதத்தில் இருக்கும்போது 2 மி.மீ. ஆழத்துக்கு முத்திரை குத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போது குத்தினால் குவளை நெளியும், முழுக்கக் காய்ந்த பின் குத்தினால் விரியும். காய்ந்து சுட்டு முடிப்பதற்குள் மண் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும் என்பதால் 27 மி.மீ. சின்னம் வேண்டுமானால் முத்திரையை 30 மி.மீ. வெட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் நம்ப முடியாது, புரட்டாசிக்குள் சரக்கு எடுத்துவிடுங்கள். பத்தமடைப் பாயைக் கோஸ்டராக வெட்டிப் போடுவது அந்த வேலைக்குச் செய்யும் அநியாயம். காபி சிந்தினால் கறை போகாது, ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். சுவரில், கை எட்டாத உயரத்தில், கடைப் பெயரையே நெய்வித்து ஒரு நுண்பாய் மாட்டுங்கள். அதை நெய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் திறப்பு விழாவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நெய்தவர் பெயரை, அவர் சம்மதத்தோடு, கீழே எழுதி வையுங்கள்.

மேசை அட்டை வாசகங்களில்தான் பெரும்பாலும் பொய் நுழையும். “3,200 ஆண்டு மரபின் காபி” என்று எழுத ஆசை வரும். அகழாய்வு நடந்த சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. அது அந்த உமிக்கான காலக்கணிப்பு. காபி நம் வீடுகளில் பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும்தான். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றும் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன, 1986 பிரிவினைக்கு முன்புவரை நெல்லையோடு இருந்தவை. “பொருநைக் கரை” (பொருநை தாமிரபரணியின் பழைய பெயர்) என்று எழுதினால் இரண்டு மாவட்டத்தாருக்கும் சரி. பேச்சு நடை வேண்டுமானால் “வாங்க அண்ணாச்சி, இருங்க” என்ற அளவில் நிறுத்துங்கள். “ஏலே” என்று சுவரில் எழுதுவது சினிமா நெல்லை, வயதில் மூத்தவரை இந்த ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. காட்சிப் பொருளின் படம் தேவைப்பட்டால் இணையத்தில் எடுக்காதீர்கள். பொருள் பழையதானாலும் புகைப்படத்துக்கும் அகழாய்வு அறிக்கைக் கோட்டோவியத்துக்கும் பதிப்புரிமை இருக்கலாம். அனுமதி வாங்கி, பொருளை நேரில் பார்த்துப் புதிதாக வரையச் சொல்லுங்கள்.

பலகைக்குத் தமிழ் 5, ஆங்கிலம் 3, மற்ற மொழி 2 என்ற அரசு விகிதம் உண்டு. அதனால் தமிழ்ப் பெயரை முதலில் வரைந்து முடித்துவிட்டு, ஆங்கில எழுத்தை அதே கட்டக் கணக்கில் பின்னால் பொருத்துங்கள். தலைகீழாகச் செய்தால் தமிழ் மொழிபெயர்ப்பு போலத் தெரியும். காபித்தூளோ முந்திரிக்கொத்தோ பொட்டலமாக விற்றால் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகத்தான் சேர்க்க முடியும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணுக்கும் லேபிளில் இடம் விட்டு வடிவமைக்கச் சொல்லுங்கள். டிசைனரிடம் இப்போதைக்குக் கேட்க வேண்டியது மூன்றே மாதிரி: ஒற்றை நிறத்தில் பெயர், ரப்பர் ஸ்டாம்பு அளவில் சின்னம், 5:3 விகிதத்தில் பலகை. அவற்றை ஜெராக்ஸ் எடுத்து, ஆறு மீட்டர் தள்ளி ஒட்டி, கண்ணாடி போட்ட ஒரு பெரியவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் படித்த பிறகு குவளைக்கும் பலகைக்கும் முன்பணம் கொடுங்கள்.